புதன்கிழமை ஓட்டிய வேன்

ஊர் உலகத்துக்கெல்லாம் வாரத்தில் ஏழு நாள் என்றால், எங்கள் வேன் டிரைவருக்கு ஒரே நாள்தான். மற்ற ஆறு நாளும் அதற்காகக் காத்துக்கிடக்கும் நேரம். அதனால் அவருக்குப் 'புதன்கிழமை' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். அங்கிருந்த பெரிய டாக்டர் ஒரு புதுமை செய்தார். நோயாளி வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று, புதன்தோறும் மருந்துப் பெட்டியோடு வீரகேரளம்புதூர் ரோட்டுக் கிராமங்களுக்குக் கிளம்பினார். வேனை ஓட்டியவர் இவர். இரண்டே மாதத்தில் "நானும் டாக்டரும் பாத்த கேஸு" என்று பேச ஆரம்பித்துவிட்டார். இருமல் சத்தத்தை வைத்து யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசையை முடிவு செய்வதும் அவரே. கால்வலிக்காரர்கள்கூட இருமப் பழகிக்கொண்டார்கள்.

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனதும் நிர்வாகம் இதை நிறுத்தியது. துவக்கியபோது மாலை போட வந்தவர்கள் யாரும் நிறுத்தியபோது வரவில்லை.

தகவலைச் சொன்னதும் புதன்கிழமை பணிவாகத் தலையாட்டினார். அடுத்த புதன் காலை வேனோடு போய்விட்டார். டாக்டர் இல்லை, மருந்து இல்லை, வேன் மட்டும் போயிற்று. மதியம் அது நிறைய நோயாளிகளோடு திரும்பி வந்தது. மறுவாரமும் அப்படியே நடக்க, வராந்தாவில் கால்வைக்க இடமில்லை. நிர்வாகம் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டது.

அப்போது சாரல் காலம் ஆரம்பம், அருவிகளில் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், குற்றாலம் பக்கத்தில் என்பதற்காகவே எங்கள் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தவர். ஒரு நாள் காலை குளிக்கப் போக வேன் கேட்டார். சாவி வெளியே வந்தது. என்ன கிழமை என்பதை நிர்வாகம் கவனிக்கவில்லை.

என்னையும் வரச்சொன்ன டிரைவர், "மருந்துப் பொட்டியையும் எடுத்துக்கிடும்வே" என்றார். அருவிக்கு எதற்கு என்று கேட்டேன். டாக்டர் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்றார்.

ஐந்தருவியில் டாக்டர் எண்ணெய் தேய்த்து ஆசைதீரக் குளித்தார். இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டோடு வேனில் ஏறியவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். வேன் தென்காசிக்குள் வந்தது. ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பாமல் நேரே போனது. நான் மருந்துப் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

டாக்டர் விழித்தபோது வேன் ஒரு கிராமத்தில் நின்றிருந்தது; சுற்றிலும் பத்து முப்பது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டு வந்தாய் என்று டிரைவரைப் பிடித்து ஏசினார். இவர் அசையவில்லை.

"திருப்பச் சொன்னா திருப்பிருதேன் டாக்டரய்யா. நீங்களே இறங்கி, இனிமே வேன் வராதுன்னு அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்காவ."

சொல்லத்தான் டாக்டர் இறங்கினார். முன்னால் ஒரு பெண் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு ஓயாத பேதி. கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

"போன புதனும் இங்கனதான் காத்துக் கெடந்தோம் சார்" என்றாள்.

டாக்டர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கரைக்கச் சொல்லி, அவரே பக்கத்தில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினார். இடையிடையே மற்றவர்களையும் பார்த்தார். மத்தியானம் சாயும் நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த ஊரில் அன்று எல்லோரும் சிரித்தது அதற்குத்தான்.

திரும்பும் வழியில் டாக்டர் தோள் துண்டை எடுத்து உதறி மடித்தார். பிறகு, அடுத்த வாரம் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.

"குளிச்சிட்டா, குளிக்காமலா?" என்றார் டிரைவர்.

"குளிச்சிட்டு."

நிர்வாகத்திடம் டாக்டரே சண்டை போட்டு அனுமதி வாங்கினார். எண்பதுகள் முழுக்க வேன் ஓடியது. டாக்டர்கள் மாறினார்கள். வந்த ஒவ்வொருவரையும் இவர் முதலில் ஐந்தருவிக்குத்தான் கூட்டிப்போனார். கோடையில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரிடம், தண்ணீர் விழாதபோதுதான் பாறை பார்க்க நன்றாயிருக்கும் என்று சொல்லி ஏற்றிக்கொண்டார்.

நான் மகள் வீட்டோடு சென்னைக்கு வந்து பல வருஷம் கழித்து, டிரைவர் இறந்துவிட்டதாக ஊரிலிருந்து போன் வந்தது. ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று மகள் கேட்டாள். தலைவலி என்றேன். மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.