மருந்தக்காவும் மூன்று பாகங்களும்

சுடும் விளையாட்டில் யாரையும் சுடாமலே பேர் வாங்கிய ஒரே ஜீவன், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் மருந்தக்காதான். எதிரி துப்பாக்கியோடு எதிரே நின்றாலும் அவர் கண் எதிரியின் மேல் இருக்காது. எதிரிக்குப் பின்னால் திறந்து கிடக்கும் அலமாரியின் மேல் இருக்கும்.

ஆன்லைனில் மூன்று பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்க வேண்டும். காலி வீடுகளில் புகுந்து துப்பாக்கி, தோட்டா, கவசம், மருந்துப்பெட்டி என்று கிடைத்ததை அள்ள வேண்டும். அள்ளுகிற சரக்குக்கு 'லூட்' என்று பெயர். அதை வைத்துக்கொண்டு கடைசிவரை உயிரோடு இருந்தால் ஜெயம். நான் புனேயில் வேலை கிடைத்து விஷ்ராந்த்வாடியில் ரூம் எடுத்திருந்த புதிது. சனிக்கிழமை காலையானால் ஆட உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் முன்பின் தெரியாத இரண்டு பேரோடு அணி அமைந்தது. யாரோ ஜன்னல் வழியாக என்னைச் சுட்டார்கள். சேலத்துக்காரனுக்கு அந்த நேரத்தில் என்ன வார்த்தை வருமோ, அது வந்தது.

"ஏல, வாயக் கழுவு!" என்றது ஹெட்போனில் ஒரு பெண் குரல். "பொம்பளைய எல்லாம் ஆடுத எடம் இது."

அசல் திருநெல்வேலி. புனேயில், குண்டு மழைக்கு நடுவே. அந்தக் குரலுக்குரிய உருவம் தவழ்ந்து வந்து, "மருந்து யாருக்கு வேணும்? ஒனக்கா? இந்தா" என்று ஒரு பெட்டியை என் முன்னால் போட்டது. நன்றி சொல்லிப் பேர் கேட்டேன்.

"பேரு தெரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுமாக்கும்?"

அன்றிலிருந்து அவர் மருந்தக்கா. மூன்றாவது ஆள் புனேயிலேயே தாபோடி என்ற பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழன், கூரியர் ஆபீசில் வேலை. அவனுக்கு ஊர்ப் பேரே பட்டப்பேர் ஆகிவிட்டது. தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பான். "அக்கா, என் கோலி எல்லாம் கதம்!" என்று அவன் கத்தினால் தோட்டா தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மருந்தக்காவின் பையில் ஒரு பட்டாளத்துக்குப் போதுமான சரக்கு இருக்கும். ஆனால் எதையும் செலவழிக்க மாட்டார். "குண்டைப் போடுங்கக்கா!" என்று நாங்கள் அலறினால், "இது நல்ல குண்டுல, வேற சமயத்துக்கு ஆகும்" என்பார். அந்த வேற சமயம் வருவதற்குள் நாங்கள் செத்திருப்போம்.

அந்த விளையாட்டின் முதல் பாகத்தில் எல்லாம் தரையில் கிடக்கும். முதலில் எடுத்தவனுக்குச் சொந்தம். ஒரு நல்ல துப்பாக்கி கண்ணில் பட்டால் போதும், எனக்கும் தாபோடிக்கும் அடிதடி. அக்கா பஞ்சாயத்தைக் கூட்டிவிடுவார். "போன தடவ கவசம் எடுத்தது யாரு? அப்ப இது அவனுக்கு. நீ மூஞ்சியத் தூக்காத." தீர்ப்பு வருவதற்குள் எதிரி வந்து மூவரையும் ஒரே இடத்தில் சுட்டுவிட்டுப் போன நாட்கள் நிறைய. செத்த பிறகும் பஞ்சாயத்து தொடரும்.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. தயாரித்தவர்கள் சண்டையே வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ, லூட்டைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். ஆளுக்கொரு ஒளிரும் பெட்டி. என் பெட்டி உன் கண்ணுக்குத் தெரியாது, உன் பெட்டி என் கண்ணுக்குத் தெரியாது. யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. மருந்து தானாகவே நிரம்பிக்கொள்ளும்.

சண்டை ஒழிந்ததில் தாபோடிக்கு ஏக சந்தோஷம். "அச்சா இருக்கு அக்கா, ஜகடாவே இல்ல."

"என்ன அச்சா?" என்று அக்கா வெடித்தார். "ஒரே மேசையில ஒக்காந்து ஆளுக்கொரு டிபன் பாக்ஸ மூடி வச்சுத் தின்னுத மாதிரி! ஒருத்தனுக்கு ஒண்ணு கொடுக்க முடியல. இதுக்கு எதுக்குல மூணு பேரு?"

அவர் சொன்னது சீக்கிரமே புரிந்தது. யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதால் பேச்சு குறைந்தது. ஹெட்போனில் மூன்று பேர் மூச்சு விடும் சத்தம்தான் மிச்சம். அதற்குமுன் எப்போதும் வாங்காத அளவுக்கு வெற்றிகள் வாங்கினோம். ஒன்றையும் கொண்டாடவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவே அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "போதும்ல. முதல் பாகம் ஆடுன பழைய மெஷினு பரண்ல கெடக்கு. எடுத்துட்டு வாரேன், அதையே ஆடுவோம்" என்றார். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தடார் என்று ஒரு சத்தம். "ஏசுவே!" என்று ஓர் அலறல். அத்தோடு குரல் நின்றுவிட்டது.

"அக்கா? அக்கா!"

திரையில் அவருடைய உருவம் ஆற்றங்கரையில் அசையாமல் நின்றது. எதிரிகள் சுட்டார்கள். அது ஒரு அடி நகரவில்லை. அவர் போன் நம்பர் எங்களிடம் இல்லை. பேர்கூடத் தெரியாது. ஆனால் போன கிறிஸ்துமசுக்கு, நான் ஊருக்குப் போயிருந்தபோது, விமான நிலையத்தை ஒட்டிய லோஹேகாவில் ஒரு பேக்கரி வாசலில் நின்று, வீடு பக்கத்தில்தான் என்று சொல்லித் தாபோடி கையில் கேக் கொடுத்திருக்கிறார்.

"பைக்க எடு" என்றான் தாபோடி. அவன் முழுத் தமிழில் பேசி முடித்த முதல் வாக்கியம் அதுதான்.

பேக்கரி வாசலில் முழங்கையில் ரத்தத்தோடு ஒருவன் நின்றிருந்தான். வரும் அவசரத்தில் பைக்கோடு சறுக்கியிருக்கிறான். குரலை வைத்துத்தான் அவன் தாபோடி என்று எனக்குத் தெரிந்தது. நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டது அதுவே முதல் தடவை. அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பேக்கரிக்காரரிடம் நான்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? சத்தமாகத் தமிழ் பேசும் ஒரு அம்மா, விளையாடுவாங்க, என்று என் ஓட்டை இந்தியில் திணறினேன்.

"ஓ! பந்தூக்வாலி ஆன்ட்டி?" என்றார் அவர் முகம் மலர்ந்து. துப்பாக்கிக்கார அம்மாவாம். குண்டு, தோட்டா, பின்னாடி வாரான் சுடு என்று ஜன்னல் வழியாக வரும் கூச்சல் அந்தத் தெருவுக்கே பிரசித்தம். மூன்றாவது வீடு என்றார்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினோம், கத்தினோம். பதில் இல்லை. தலைக்கு மேல் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போய்த் தொலைந்த பிறகுதான் உள்ளேயிருந்து சன்னமாகக் கேட்டது:

"யாருல அது? பக்கத்து வீட்டுக் காக்குட்ட சாவி இருக்கு, வாங்கிட்டு வா!"

காக்கு என்ற அந்த மராத்தி அம்மாள் சாவியோடு ஓடி வந்தார். உள்ளே போனோம். படுக்கையறையில் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு மேலே பரணில், நைட்டி போட்ட ஒரு குட்டை அம்மாள், கழுத்தில் ஒயர் பிய்ந்த ஹெட்போனும் மடியில் பழைய மெஷினுமாகக் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விழுந்தது ஸ்டூலுதாம்ல. நான் இல்ல" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாபோடி சிரிக்கத் தொடங்கி, நடுவில் விசும்பினான். அவன் முழங்கையைப் பார்த்ததும் அக்கா பரணில் துழாவி ஒரு பேண்டேஜ் சுருளை வீசினார். அங்கே பிரிக்காத டார்ச் லைட், சாஸ் பாக்கெட், குடை, ஊறுகாய் பாட்டில் என்று ஒரு தீவுக்கே தேவையான லூட் அடுக்கியிருந்தது. அவரை இறக்குவதற்கு முன் பாதிச் சாமானை இறக்க வேண்டியிருந்தது.

அக்காவின் கணவர் வேலையாக நாக்பூர் போயிருந்தாராம். வர இன்னும் நாளாகுமாம். அதுவரை பரணிலேயே இருந்திருப்பாயா என்று காக்கு தலையில் அடித்துக்கொண்டார். அன்று மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டோம். பொரித்த துண்டு யாருக்கு என்று எனக்கும் தாபோடிக்கும் தகராறு வந்தது. அக்கா தீர்த்துவைத்தார்.

மூன்றாம் பாகம் வந்தபோது லூட் மறுபடி தரைக்கு வந்துவிட்டது. எடுத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நிறைய பேர் புலம்பியிருக்க வேண்டும். அக்கா தன் புலம்பலால்தான் என்கிறார். முதல் ஆட்டத்திலேயே ஒரு தங்கத் துப்பாக்கிக்காக மூவரும் காட்டுக்கத்தல் கத்தி, கேவலமாகத் தோற்றோம். எனக்கு மூச்சு வந்தது போலிருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், தன் வீட்டுச் சாவிகளில் ஒன்றை அக்கா என்னிடம் கொடுத்தார். "காக்கு ஊருக்குப் போனா என்னல பண்ணுவ? வச்சுக்க" என்றார். என் பைக் சாவியோடு அது தொங்குகிறது. இதுவரை அதற்கு வேலை வந்ததில்லை. வரவே வேண்டாம்.