தோணியுடன் நேரில் வரவும்

உலகின் எந்த அரசாங்கமும் எட்டாத உயரத்தை எங்கள் வாவித் தோணி நிவாரண அலுவலகம் சென்ற மாசியில் எட்டியது. பிரதம எழுதுவினைஞன் என்ற வகையில் அதற்கு நான் சாட்சி.

முன்பெல்லாம் ஒரு விதியை மாற்றக் கொழும்புக்குக் கடிதம் போட்டு ஆறு மாதம் காத்திருப்போம். இப்போது பணிப்பாளர் இராசதுரை கணினியில் ஒரு வாக்கியத்தைத் தட்டினால் போதும். அது அந்தக் கணமே நிரலாகி, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குள் ஏறி, சட்டமாக நடமாடத் தொடங்கிவிடும். மென்பொருளை நிறுத்தத் தேவையில்லை. யோசிக்கவும் தேவையில்லை.

இதைச் செய்து தந்த எங்கள் அலுவலக நிரலாளர் கம்சாயினிதான் முரண்டு பிடித்தாள்.

"சேர், ஏத்த முதல் விதிய ஒருக்காப் பரீட்சிச்சுப் பாக்கோணும்."

"பிள்ளை, பணிப்பாளர்ர வசனத்தையா பரீட்சிக்கிற?" என்றேன் நான்.

பரீட்சை நீக்கப்பட்டது. 'வினைத்திறன்' கூடியது.

மார்கழி வெள்ளத்தில் தோணி இழந்தவர்களுக்காக எங்கள் முற்றத்தில் நாற்பத்துமூன்று புதுத் தோணிகள் கிடந்தன. மோசடியைத் தடுக்கப் பணிப்பாளர் ஒரு விதியைத் தட்டினார்: 'விண்ணப்பதாரர் தமது தோணியுடன் நேரில் வரவேண்டும்.'

ஆரையம்பதி யோகராசா வெறுங்கையுடன் வந்தார். எட்டுக் கிழமையாக அடுத்தவரின் கிழிந்த வலைகளைப் பொத்தி மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர். கணினி அவரை நிராகரித்தது.

"வெள்ளத்துல தோணி போனதாலதானே சேர் வந்திரிக்கன்," என்றார். "மறுகா எதக் கொண்டு வாற?"

பணிப்பாளர் இளகிய மனதுக்காரர். உடனே இன்னொரு வாக்கியம் ஏறியது: 'இரவல் தோணியும் தமது தோணியாகக் கொள்ளப்படும்.'

மறுநாள் யோகராசா மச்சானின் தோணியை லொறியில் ஏற்றி வந்தார். கணினி தோணியை மகிழ்ச்சியுடன் பதிந்துகொண்டது. பிறகு அறிவித்தது: 'தோணி உடையவருக்கு நிவாரணத் தோணி இல்லை.' அது நாங்கள் எப்போதோ ஏற்றி மறந்த விதி.

பணிப்பாளர் 'துரித சேவை' பற்றிய கூட்டமொன்றுக்குப் புறப்பட்டார். லொறிக்காரன் ஹோன் அடித்துக்கொண்டிருக்க, யோகராசா புதுத் தோணிகளைப் பார்த்தபடி நின்றார்.

கம்சாயினி வெளியே வந்தாள்.

"அண்ணன், விதிய நீங்க எழுதினா என்னண்டு எழுதுவீங்க?"

"எழுத என்ன இரிக்கி தங்கச்சி? தோணி போனவனுக்குத் தோணியக் குடு."

அவள் அதைக் கிராம சேவகர் எடுத்திருந்த, தோணி இழந்தோர் பட்டியலோடு சேர்த்து, அப்படியே தட்டினாள். நான்கு விநாடி. நாற்பத்துமூன்று அனுமதிச் சீட்டுகள் வெளியே வந்தன. மாலைக்குள் முற்றம் காலி.

பணிப்பாளரின் அனுமதியின்றி விதி ஏறியதை விசாரித்த குழுவுக்கு நானே தலைவன். கம்சாயினிக்கு இடமாற்றக் கடிதத்தை என் கையாலேயே கொடுத்தேன்.

"அந்த விதியில என்ன சேர் பிழை?" என்று கேட்டாள்.

"ஒரு பிழையும் இல்ல பிள்ளை. அதுதான் எங்களுக்குக் கரைச்சல். நாலு விநாடி வேலையெண்டா, எட்டுக் கிழமையா நீங்கெல்லாம் என்ன செய்தயள் எண்டு கேப்பாங்களே."

இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.