வேண்டாம் என்றாள் ஜெயசீலி

இந்த மே மாதம் நான் வெங்காயம் உரிக்கப் போவதில்லை. செத்தாலும் உரிக்கப் போவதில்லை. எழுந்து நின்று உரக்கச் சபதம் போடத்தான் நினைத்தேன். பக்கத்தில் மனைவி ஜெயசீலி இருந்ததால் மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். என் மாமனார் ஊர் நாசரேத் பக்கம். வருஷா வருஷம் மே மாதத்தில் அங்கே கோயில் பண்டிகை, கடைசி நாள் அசனம். அதாவது சபை மொத்தமும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. சபைக்கு அது ஆட்டுக்கறி. எனக்கு அது வெங்காயம். "தாம்பரம் மாப்பிள்ளை பொறுமைசாலி, அவர்கிட்ட கொடுங்க" என்று கல்யாணமான புதிதில் எவனோ கொளுத்திப் போட்டான். அன்றிலிருந்து மூட்டையை என் முன்னால்தான் பிரிக்கிறார்கள். என் சகலை ஸ்டெபின் இருக்கிறானே, அவன் ஜம்மென்று உட்கார்ந்து கறிக்கு உப்பு பார்ப்பான். நான் அழுதுகொண்டிருப்பேன்.

ஆகவே திட்டம் போட்டேன். பண்டிகை வாரத்தில் குடும்பத்தோடு காரில் நீண்ட பயணம். காடு, மலை, கூடாரம். போனில் டவர் கிடைக்காத இடமாகப் பார்த்துப் போய்விட்டால் மாமனார் என்ன செய்வார்?

"ஜெயா, இந்த லீவுக்கு கேம்பிங் போறோம்."

"கூடாரத்துல படுக்கணுமா? வேண்டாங்க, இடுப்பு போயிடும்."

"போறோம்."

"பண்டிகைக்கு வரலைன்னா அப்பா என்ன நினைப்பாரு?"

"நினைக்கட்டும்."

"சரி, உங்க இஷ்டம்."

அவ்வளவுதான்! இவ்வளவு சுலபமாக நான் ஜெயித்ததே கிடையாது. பக்கத்து வீட்டு பத்ரிநாராயணன் சாரிடம் சொன்னபோது மனுஷர் வாயைப் பிளந்தார்.

"எப்படி சார் சாதிச்சீங்க? எங்காத்துல நான் மொட்டை மாடிக்குப் போறதுக்கே பர்மிஷன் வாங்கணும்."

"ரகசியம் ஒண்ணுதான் சார். அவ வேண்டாம்னா, அதைச் செஞ்சிடணும். அவ இடதுன்னா நான் வலது."

"கோச்சுக்க மாட்டாளா?"

"கோச்சுக்கட்டுமே சார். ஆம்பளைன்னா ஒரு..."

உள்ளேயிருந்து திரிபுரசுந்தரி மாமி கூப்பிட்டார். பத்ரி சாரைக் காணோம்.

எந்த மலைக்குப் போவது என்று பேச்சு வந்தது.

"எங்க வேணா போங்க. அந்த பர்கூர் மலை மட்டும் வேண்டாம்" என்றாள். "ஒரே பனி. ஒரு கடை கண்ணி கிடையாது. டவரே கிடைக்காதாம்."

டவர் கிடைக்காதா! பர்கூர் மலை என்று அந்த நிமிஷமே முடிவானது.

அடுத்தது அடுப்பு. நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். இரும்பு வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு.

"மூணு பேருக்கு சின்ன அடுப்பு போதுங்க. பெருசா பண்ணி மானத்தை வாங்காதீங்க" என்றாள்.

பெரிசாகத்தான் பண்ணினேன். வண்டியின் தலையில் ஏற்றியபோது கல்யாணச் சமையலுக்குப் போகிற மாதிரி இருந்தது. "சின்னத் தார்ப்பாய் போதும்" என்றாள். லாரிக்குப் போடுகிற தார்ப்பாய் வாங்கினேன். "கத்தி ஒண்ணு போதும்" என்றாள். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் ஒரு கட்டுக் கத்தி வாங்கி, சாணை பிடித்து வந்து அவள் முன்னால் வைத்தேன். ஜெயசீலி தலையில் கை வைத்துக்கொண்டாள். என் மகள் ஜெரூஷா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்பாவின் வீரம் பிள்ளைக்குப் பெருமையாக இருக்காதா?

புறப்பட்டோம். பெருங்களத்தூர் டிராபிக்கைத் தாண்டியதும் போனை அணைத்தேன். ஆகா, என்ன சுகம்! கொல்லிமலை வளைவுகளில் மிளகுக் கொடியும் பலாப்பழ வாசனையுமாக ஏறினோம். ஒரு தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கினோம். காலையில் மேகம் காலடியில் கிடந்தது. பிறகு இறங்கி, அந்தியூர் வழியாக பர்கூர் மலை. மூங்கில் காடு, ராகிக் கொல்லை, வழி மறித்து நிற்கிற செம்புள்ளி மாடுகள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினேன். ஒருத்தரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஜெயிச்சவன் பாட்டு அது.

சாயங்காலம் பனி இறங்கியது. பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இடது பக்கம் போங்க" என்றாள் ஜெயசீலி.

வலது பக்கம் திருப்பினேன்.

"ஐயோ, இங்க நிறுத்தாதீங்க. ஒண்ணுமே தெரியலை."

நிறுத்தினேன். டார்ச் லைட்டோடு ஒருவர் வந்தார். "நம்ம இடம்தான் சார், தாராளமா கூடாரம் போடுங்க" என்றார். மலை ஜனங்களின் மனசே மனசு!

காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன். பனி மெல்ல விலகியது. முதலில் ஒரு சிலுவை தெரிந்தது. அதன் கீழே புத்தம்புதுக் கோயில். கலர் பேப்பர் தோரணம். பக்கத்தில் ஒரு பஸ். பஸ்ஸின் முன்னால் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாட்சாத் என் மாமனார்.

"வாங்க மாப்ள! சுகமா இருக்கியளா? நம்ம சபை கட்டிக் குடுத்த கோயிலுல்லா இது! இந்த வருசம் பண்டிகை, அசனம் எல்லாம் இங்கனதான். பெரிய அடுப்புக்கு என்ன செய்யன்னு தவிச்சுக்கிட்டு கெடந்தோம். அடுப்பு, தார்ப்பாய், கத்தி எல்லாம் நீங்களே ஆசப்பட்டுக் கொண்டாறியள்னு ஜெயா பாப்பா சொன்னா. இந்தப் பொறுப்பு வேற எந்த மருமவனுக்கு வரும்?"

போதகர் ஓடி வந்து எனக்குச் சால்வை போர்த்தினார். மைக்கில் "தாம்பரம் ஏசுதாசன்" என்று முழங்கினார். சபையே கைதட்டியது. ஸ்டெபின் முகம் சுண்டிப்போனது. சொல்லக் கூடாது, எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனாலும் சபதம் சபதம்தானே? ஜெயசீலியைத் தனியாக இழுத்தேன்.

"என்ன ஆனாலும் சரி, நான் வெங்காயம் உரிக்க மாட்டேன்!"

"உரிக்கவே வேண்டாங்க" என்றாள், அவ்வளவு பரிவாக. "இவ்ளோ தூரம் வண்டி ஓட்டியிருக்கீங்க. வயசும் ஆகுது. உங்களால முடியாது. போய்ப் படுங்க, ஸ்டெபின் உரிக்கட்டும்."

"யாரால முடியாது?" என்று மூட்டையை என் பக்கம் இழுத்துப் பிரித்தேன்.

மூன்றாவது வெங்காயத்தில்தான் எனக்கு உறைத்தது.