தொந்தி விழுந்த சுபேதார்

குழந்தைவேலு அந்த ஈயச் சுபேதாரை மேஜைமேல் வைத்தார். எழுந்து கூடத்தை ஒரு சுற்று நடந்தார். திரும்பி வந்து பார்த்தால் தொந்தி அப்படியேதான் இருந்தது.

"சோறு ஆறுது," என்றாள் மனைவி நீலாம்பாள்.

"மதராஸ் பட்டாளத்துச் சுபேதாருக்குத் தொந்தி போட்டிருக்கான். மீசையப் பாரு. மழையில நனைஞ்ச காக்கா மாதிரி தொங்குது."

"பொம்மைதானே."

"எங்கப்பா இதே பட்டாளத்துல சுபேதார். பொம்மையாம்."

துறைமுக ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற குழந்தைவேலுவுக்கு ரங்கூன் தமிழர்களிடையே இன்னொரு புகழும் உண்டு. கெமண்டைன் பேட்டைத் தமிழர் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெரிய மனிதர்கள் கூடி, மேஜைமேல் ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து, சுருள்வில் பீரங்கியால் ஒருவர் படையை ஒருவர் சுட்டு யுத்தம் நடத்துவார்கள். புதிதாக வரும் சிப்பாய்ப் பெட்டிகளுக்கு 'ஐராவதி தீபம்' வாரப் பத்திரிகையில் மதிப்புரை எழுதுபவர் குழந்தைவேலு. பூட்ஸின் நிறம் பிசகினாலும் விடமாட்டார். இந்தப் பெட்டி சீமைச் சரக்கு அல்ல. கடைக்காரர் அப்துல் பாரி ரங்கூனிலேயே ஓர் ஆளிடம் உருவம் வரைந்து வாங்கி, வார்த்து, அதே ஆளை வர்ணம் பூசவைத்தது.

சோற்றைத் தொடாமல் உட்கார்ந்து எழுதினார். 'உருவம் வரைந்து வர்ணம் தீட்டியவர் பட்டாளத்தைக் கண்ணால் கண்டவரல்லர். சமையற்காரனுக்குச் சட்டை மாட்டிச் சுபேதார் என்கிறார். என் தகப்பனார் இந்தப் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். இந்த உருவம் அவருக்கு அவமானம்.'

அடுத்த வாரம் அப்துல் பாரியே ஒரு கூடை மங்குஸ்தான் பழத்துடன் வீடு தேடி வந்தார்.

"ஐயா, நீங்க நல்லாயிருக்கணும். பெட்டி பூரா வித்துப் போச்சு."

"திட்டியில்ல எழுதினேன்?"

"அதனாலதான். வர்றவங்க எல்லாம், 'குழந்தைவேலு அப்பா இருக்கா?'ன்னு கேட்டு வாங்குறாங்க. இன்னும் வார்க்கச் சொல்லியிருக்கேன்."

அன்று முழுவதும் குழந்தைவேலு எந்த நாற்காலியிலும் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்காரவில்லை. வெயிலோடு பத்திரிகாசிரியர் சூசைராஜிடம் நடந்தே போனார்.

"விட்டுடுங்க ஐயா. நாலு நாள்ல மறந்துடுவாங்க," என்றார் சூசைராஜ்.

"மறக்கிறதுக்கு முன்னாடி திருத்தணும்."

திருத்தம் வெளியாயிற்று. 'அந்தப் பொம்மை என் தகப்பனார் அல்ல. என் தகப்பனார் பெயர் ரெங்கசாமி. ஊர் தஞ்சை ஜில்லா திருத்துறைப்பூண்டி. ஈட்டிபோல் நிமிர்ந்த தேகம், முறுக்கிய மீசை. எனக்குப் பதினாலு வயதில், பர்மா யுத்தத்துக்கு அவர் கப்பலேறியபோது நானே கரையில் நின்று வழியனுப்பினேன். அதன்பின் சர்க்கார் அவரை ஊருக்கு அனுப்பவேயில்லை. கடைசிவரை ரங்கூனிலேயே கடமையாற்றி உயிர் நீத்தார்.'

அதுவரை பொம்மைக்குப் பெயர் இல்லாமல் இருந்தது.

ஞாயிறன்று குழந்தைவேலு சங்கத்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது.

"ரெங்கசாமிய ஆத்தங்கரைக்குத் தள்ளுங்க."

"சுட்டாச்சு. ரெங்கசாமி விழுந்துட்டார்."

"பீரங்கி இன்னும் வெடிக்கவேயில்லப்பா. தொந்தி தடுக்கியிருக்கும்."

அவரைக் கண்டதும் எல்லோரும் மேஜையைக் குனிந்து பார்த்தார்கள். குழந்தைவேலு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினார். அப்பா பெயரை இனி எந்த முகத்தோடு சொல்வது? வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மூன்றாவது கட்டுரையை எழுதினார். நீலாம்பாள் வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

"'ஏகபத்தினி விரதர், ஒழுக்கத்தில் நெருப்பு'ன்னு எதுக்கு? அதுல யாரும் அவரைக் குறை சொல்லலையே."

"சேர்ந்தே இருக்கட்டும்."

"'வரைந்தவர் வரும் ஞாயிறு சங்கத்துக்கு வந்து, என்ன ஆதாரத்தில் வரைந்தார் என்று சபையறியச் சொல்லவேண்டும்' — இதுவுமா?"

"அதுதான் முக்கியம்."

"சும்மா இருந்திருக்கலாம்," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள் அவள்.

அந்த ஞாயிறு சங்கத்தில் நிற்க இடமில்லை. யுத்தத்தில் ஆர்வமே இல்லாதவர்கள்கூட ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேலு கஞ்சி போட்ட கோட்டில் மேஜைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அப்துல் பாரி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், பர்மியப் பெண்களைப்போல லுங்கியும் வெள்ளை ரவிக்கையுமாக ஒரு பெண்மணி வந்தாள். முப்பத்தேழு வயதிருக்கும். விரல் நுனிகளில் சிவப்பு வர்ணம் ஒட்டியிருந்தது.

"வரைஞ்சவர் எங்கே?" என்றார் குழந்தைவேலு.

"நான்தான் சயாஜி," என்றாள் அவள், பர்மியர் பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதையில்.

"பேரு?"

"அம்சவேணி. இங்க மா அம்சவேணின்னு சொல்வாங்க."

"வந்ததுக்குச் சந்தோஷம். பொம்பளைங்கிறதால பணிவாவே கேக்குறேன். மதராஸ் சுபேதாருன்னா எப்படியிருப்பாருன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

"கொஞ்சம் தெரியும் சயாஜி."

"கொஞ்சம் போதாது. ஆதாரம் வேணும். யாரைப் பார்த்து இந்தத் தொந்தியப் போட்டீங்க? சபைக்கு நடுவுல சத்தமாச் சொல்லுங்க."

அவள் தயங்கினாள். அப்துல் பாரி குழந்தைவேலுவின் கோட்டைப் பிடித்து மெல்ல இழுத்தார். "ஐயா, தனியாப் பேசிக்கலாமே."

"எங்க குடும்பத்துல தனியாப் பேச ஒண்ணும் இல்ல," என்று கையை உதறினார் குழந்தைவேலு. "சத்தமா."

பீரங்கியை வைத்திருந்தவர் அதைக் கீழே வைத்தார். மா அம்சவேணி இரண்டு கைகளையும் கூப்பி, குனிந்து வணங்கிவிட்டு, கேட்டபடியே சத்தமாகச் சொன்னாள்:

"எங்க வீட்டுல மாட்டியிருக்கிற எங்கப்பா போட்டோவப் பார்த்துத்தான் வரைஞ்சேன், அவரு பேரும் ஊரும் நீங்க பத்திரிகையில எழுதின அப்புறந்தாண்ணே, எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறதே தெரிஞ்சுது."