சம்பந்தியின் பிஸ்டலும் என் புருவமும்

பொய் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டே இருபது வருடமாகச் சிட்னியை ஏமாற்றிய முட்டாள்.

பிறந்தநாள் விருந்துகளில் எவனாவது ஒரு பெடியன் துப்பாக்கிக் கதை கேட்கும் ஆசையில், "அங்கிள், நீங்க ஊரில துவக்குத் தூக்கினனீங்களா?" என்று கேட்பான். நான் இல்லை என்று சொல்வதில்லை. கிளாசுக்குள் மிதக்கும் ஐசைக் கொஞ்சநேரம் பார்ப்பேன். "விடும் தம்பி, அதெல்லாம் இப்ப என்னத்துக்கு" என்று எழும்பி மெதுவாக நடந்து போவேன். (இரண்டாவது மட்டன் ரோல்ஸ் எடுக்க.) மிச்சக் கதையை அவர்களே கட்டிக்கொள்வார்கள். நாங்கள் இருக்கும் நார்த்மீட் பகுதியில் எனக்கு ஒரு வீர வரலாறு உருவானது இப்படித்தான்.

உண்மையில் ஊரில் சண்டை நடந்த அந்தக் காலத்தில் நான் கொழும்பில் ஒரு போர்டிங்கில் இருந்து கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். நான் கண்ட ஒரே பயங்கரம் போர்டிங் அன்ரியின் சொதி. உண்மையாகத் துவக்குத் தூக்கினவர்கள் அதைப்பற்றிப் பேசுவதில்லை. அவர்களுடைய அந்த மௌனத்தைத்தான் நான் களவெடுத்து வைத்திருந்தேன்.

பிறகு மகள் ஆரணி, கார்த்திக் என்ற பெடியனை விரும்பினாள். தங்கமான பெடியன். தகப்பன் முருகேசன் கோயம்புத்தூர்க்காரர், பரமட்டாவில் ஐடி வேலை. எல்லாம் சரி, கார்த்திக்கின் தாய் மட்டும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கப் பிடிகொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தும் பேசமாட்டா. ஆரணி சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

"கணக்குப் பகுதியில வேலை எண்டு என்னைக் குறைவா நினைக்கினம்" என்று நான் முடிவு கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து முருகேசன் போன் பண்ணினார். அவர் ஒரு பிஸ்டல் கிளப்பில் மெம்பர். "சார், உங்களப் பத்தி நெறய கேள்விப்பட்டேன். சனிக்கிழமை வாங்க, சும்மா சுட்டுப் பாக்கலாம்."

இதைவிட என்ன வாய்ப்பு வேண்டும்? ஒரே ஒரு வெடி, குறி விழும், அடுத்த முகூர்த்தத்தில் மகளுக்கு மோதிரம் என்று கணக்குப் போட்டேன்.

"புரட்டாதிச் சனியில ஆராவது துவக்குச் சுடப் போவினமே?" என்றாள் மனைவி. "ஸ்டேப்ளர் அடிக்கவே கண்ணை மூடுற ஆள் நீங்க."

"அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் சே நோ" என்றாள் மகள்.

மனைவியின் சமாதானத்துக்காக முதலில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்தேன். அந்தச் சந்தனப் பொட்டோடேயே கிளப்புக்கும் போனேன்.

முருகேசன் பெட்டியைத் திறந்தார். பிஸ்டல் என்றால் இடுப்பில் செருகுகிற சாமான் என்று நினைத்திருந்தேன். இது முழங்கை நீளத்துக்குப் படுத்திருந்தது. மேலே குறிபார்க்கத் தடித்த ஒரு ஸ்கோப். பக்கத்தில் கிடந்த தோட்டா என் நடுவிரல் அளவு.

"ரைபிளுக்குப் போடற தோட்டா சார் இது. கைய நல்லா நீட்டிப் பிடிங்க. ஸ்கோப்ப மூஞ்சிக்கிட்ட கொண்டு வந்துடாதீங்க, ஒதைக்கும்."

"தெரியும்" என்றேன், ஐசைப் பார்க்கிற அதே குரலில்.

நீட்டினால் அம்மிக் குழவியை விரல்நுனியில் பிடித்ததுபோல ஆடியது. தூரத்தில் ஆட்டுக்கடா உருவத்தில் வெட்டிய இரும்புக் குறி. ஸ்கோப்புக்குள் அது மிளகு அளவில் துள்ளியது. வடிவாகப் பார்ப்போமே என்று முழங்கையை மடித்து ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். முருகேசன் "சார், சார்!" என்றார். காதுமூடி போட்டிருந்ததால் கேட்கவில்லை என்று பிறகு சொன்னேன். (கேட்டது.)

விசையைத் தொட்டேன்.

முன்னால் ஒரு நெருப்புப் பூசணிக்காய். சத்தம் பல் வழியாக உள்ளே வந்தது. நெஞ்சுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். பிஸ்டல் ஆகாயத்தைப் பார்க்க எழும்பிய வழியில் என் புருவத்தையும் விசாரித்துவிட்டுப் போனது. "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கத்தல், வரிசையில் காதுமூடி போட்டு நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. முருகேசன் பாய்ந்து பிஸ்டலை வாங்கினார். நான் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தேன். ஆட்டுக்கடா அசையவே இல்லை.

ரேஞ்சுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார மனுசி ஓடிவந்து, கன்டீன் ஃப்ரீசரில் இருந்த மீட் பை என்ற இறைச்சிப் பணியாரம் ஒன்றை என் நெற்றியில் வைத்து அழுத்தினா. புரட்டாதிச் சனி. கோயில் சந்தனம். அதன்மேல் உறைந்த மாட்டிறைச்சி.

"ஃபர்ஸ்ட் டைம், டார்ல்?" என்று கேட்டா.

இருபது வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து உண்மை சொன்னேன். "ஓம், இதுதான் முதல்தடவை."

மனுசிக்கு விளங்கவில்லை. முருகேசனுக்கு விளங்கிவிட்டது. வீடுவரை அவரே காரோட்டினார், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். நான் சுட்டதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், அது ஆரணியின் கலியாணம் என்று நினைத்துக்கொண்டு மீட் பையை நெற்றியில் பிடித்தபடி இருந்தேன்.

அடுத்தநாள் காலையில் கார்த்திக்கின் தாயே போன் எடுத்தா. நாள் குறித்தாயிற்றாம். சிரித்துச் சிரித்துப் பேசினா.

நிச்சயதார்த்தப் படம் எல்லாவற்றிலும் என் புருவத்தில் ஸ்கோப் வெட்டிய பிறை தெரிகிறது. சிவபெருமானுக்கு இருப்பதுதான், எனக்குக் கொஞ்சம் இறங்கிவிட்டது. இப்போதும் எவனாவது "அங்கிள், துவக்கு..." என்று ஆரம்பித்தால் ஆரணி பேசாமல் போய் ஃப்ரீசரைத் திறந்து காட்டுவாள்.

நிச்சயதார்த்தம் அன்றைக்கு மண்டபத்தில் முருகேசன் என்னை ஒரு ஓரமாகக் கூட்டிப்போய்த் தோளில் கைபோட்டார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. துப்பாக்கி தூக்கின ஆளு வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்கறதுன்னு எங்க வீட்டம்மா பயந்துட்டே இருந்தா. நேர்ல பாத்துரலாம்னுதான் உங்களக் கூப்பிட்டேன். நீங்க சுட்ட லட்சணத்தச் சொன்னேன். இந்த மனுசன் கொசுகூட அடிச்சிருக்க மாட்டாருன்னு உடனே பஞ்சாங்கத்த எடுத்துட்டா."