கழுத்து உடைந்த மாலை

கித்தாரின் பாகங்களுக்குத் தலை, கழுத்து, உடம்பு என்று பெயர் வைத்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மலேசியாவின் கூலாயில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது, முதலில் குறைந்தவன் நான். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சகிக்க முடியாமல், தம்பி குமரன் தன் கித்தாரை என் மடியில் வைத்தான். அவன் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவன்.

"மொதல்ல பேரக் கத்துக்கண்ணே. வாசிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

கம்பியை முறுக்கும் ஆணிகள் இருப்பது தலை. விரல் வைத்து அழுத்தும் நீண்ட பகுதி கழுத்து. அதன் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் ஃபிரெட். ஓட்டை உள்ள பெரிய பெட்டி உடம்பு. சீக்கிரமே எல்லாம் மனப்பாடம். (வாசிக்க மட்டும் வரல. அது வேற சோகம்.)

ஒரு மாலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். கித்தாரை நாற்காலியில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். பின்னால் சத்தம். கழுத்து முறிந்து, தலை கம்பிகளில் தொங்கியது.

பாலோவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். அத்தான் மேசை நாற்காலி பழுது பார்ப்பவர்.

"அக்கா, நம்ம குமரனோட கித்தாரு கழுத்து ஒடஞ்சிருச்சு. தலை தொங்குது. உடம்புக்கு ஒண்ணும் ஆகல" என்றேன்.

அந்தத் தோட்டத்துப் போன் லைன், 'கித்தாரு' என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மறுமுனையில் ஒரு கேவல், உடனே இணைப்பு அறுந்தது. (அலமாக், ஒரு மரப்பெட்டிக்கு இப்படி அழுவுறாங்களேன்னு நெகிழ்ந்து வேற போனேன்.) போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பசை வாங்கக் கிளம்பினேன்.

திரும்பி வந்தால் வாசலெங்கும் செருப்புகள். அக்கா எங்கள் பக்கத்து வீட்டுச் சரசு அத்தைக்குப் போனில் சொல்ல, அத்தை கோயிலுக்கே போய் அம்மாவை அழைத்து வந்திருக்கிறார். அம்மா தரையில் கிடந்தார். அத்தை மாரில் அடித்துக்கொண்டிருந்தார். விஷயம் பரவிவிட்டது என்று நினைத்து, கையிலிருந்த பசையை உயர்த்திக் காட்டினேன்.

"அழாதீங்கம்மா. ஒட்டிரலாம்."

சரசு அத்தையின் அழுகை நின்றது. என்னை அவர் பார்த்த பார்வை என் எதிரிக்கும் வேண்டாம்.

உடைந்த கித்தாரைக் கொண்டுவந்து காட்டினேன். விளக்கினேன். அம்மா நம்பத் தயாராக இல்லை, குமரன் குரலைக் கேட்க வேண்டும் என்றார். சிங்கப்பூர் எல்லைப் பாலத்து நெரிசலில் வண்டி ஓட்டுபவன் போனை எப்படி எடுப்பான்? மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நேரம் போகப் போக எனக்கே பயம் பிடித்துவிட்டது. என் வாய்ச்சொல் பலித்துவிடுமோ என்று, அந்தக் கித்தாரைக் கட்டிப்பிடித்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

மழையில் நனைந்துகொண்டு குமரன் வந்தான். வாசலில் அத்தனை செருப்புகள், உள்ளே அழுத முகங்கள். "அம்மா எங்க?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திருக்காமல் ஹெல்மெட்டோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டான். அம்மா ஓடிவந்து ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒருவர் சாவுக்கு மற்றவர் அழுதுகொண்டிருந்தார். நடுவில் நான், பசையோடு.

கித்தாரை அத்தான் ஒட்டிக் கொடுத்தார். குமரன் இப்போது பேருந்தில் போகிறான். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் சொந்தக்காரர்கள், "உடம்புக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. குமரன் வேலை முடிந்து வந்ததும் அவன் பின்கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மா சோறு போடுவார். அவனும் குனிந்து கொடுப்பான்.