நான்காவது தடவை

கட்சிக்காரர்கள் ஷூ மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். டாக்டர் நிக்ரவான் வாசலில் திகைத்து நின்றார்.

"மூணு தடவை 'நான் அதுக்கு லாயக்கில்லை'ன்னேன், மஹ்ரோக். நாலாவது தடவை அவங்க கேட்கணுமா இல்லையா?"

"ஒரு கிளாஸ் டீக்கே நாலு தடவை கேட்கிற ஊரு," என்றாள் மனைவி. "பார்லிமென்ட் சீட்டுக்கு மூணோட நிறுத்திட்டாங்களே!"

ஈரானின் யஸ்த் நகரத்து நிலத்தடி நீரைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் இத்தனை வருடம் பாடம் எடுத்தாயிற்று. அமைச்சகத்துக்கு அனுப்பிய அறிக்கைகளை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இனி தானே பார்லிமென்டுக்குப் போய்க் கிணறுகளைக் காப்பாற்றுவது என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். வேட்புமனு கொடுக்க அந்த வாரம்தான் கடைசி.

தெருமுனைக்கு ஓடினார். கட்சித் தலைவர் ஹாஜி செபெஹ்ரி காரில் ஏறிக்கொண்டிருந்தார். சீட்டைக் கேட்க நாக்கு எழவில்லை.

"சாப்பிடாம போறதாவது, ஹாஜி!"

ஹாஜி மூன்று தடவை மறுத்தார். டாக்டர் நான்காவது தடவை கேட்டார். எல்லோரும் திரும்பி வந்தார்கள். குங்குமப்பூச் சோறு, ஆட்டுக்கறி எல்லாம் காலி. டாக்டரின் தன்னடக்கத்தைப் புகழ்ந்துவிட்டுக் கிளம்பினார்கள். சீட்டைப் பற்றி மூச்சே இல்லை.

"சாடையா ஒரு ஃபோன் போடுங்க," என்றாள் மஹ்ரோக்.

போட்டார். "ஹாஜி, ஜனங்க ரொம்ப வற்புறுத்தினா எப்படி மறுக்கிறதுன்னுதான்..."

"கவலையே படாதீங்க டாக்டர்! உங்களை யாரும் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்கறேன்."

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் டாக்டரின் படம். 'பதவியை உதறிய பேராசிரியர்.' வகுப்பில் மாணவர்கள் எழுந்து கைதட்டினார்கள். துறைத் தலைவர் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினார்.

"போதும், விட்டுடுங்க. இனி கேட்டா மானம் போயிடும்," என்றாள் மஹ்ரோக்.

"தண்ணி போச்சுன்னா மானத்தை எதுல கழுவுறது?"

இனிப்புப் பெட்டியோடு ஹாஜி வீட்டுக்குப் போனார். டீ வருவதற்குள், அந்த ஊரில் யாரும் செய்யத் துணியாததைச் செய்தார்.

"ஹாஜி, நான் நிக்கிறேன்."

டீக்காக ஹாஜி கையில் எடுத்து வைத்திருந்த சர்க்கரைக் கட்டி கம்பளத்தில் விழுந்தது.

"நல்லா யோசிச்சீங்களா, டாக்டர்?"

"யோசிச்சாச்சு."

"உடம்பு தாங்குமா?"

"தாங்கும்."

"டெஹ்ரான் புகை..."

"பழகிக்கறேன்."

வீடு தேடிப் போய்க் கூப்பிட்டவர் எந்த வாயால் மாட்டேன் என்பது? ஹாஜி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தாராளமா நில்லுங்க, உங்க காலடி என் கண்ணு மேல," என்றார்.

சமையலறையிலிருந்து ஹாஜியின் மனைவி எட்டிப் பார்த்துக் கணவரைக் கேட்டாள்.

"அப்ப உங்க படம் போட்டு அடிச்சு வச்சிருக்கிற தேர்தல் போஸ்டரையெல்லாம் என்னங்க பண்றது?"